தொடக்கூடாதவை முதலில்

பழைய வீட்டைப் புதுப்பிக்க நான் எழுதித் தரும் வேலைப் பட்டியலின் முதல் பக்கத்தில் ஒரு வேலையும் இருக்காது. எதையெல்லாம் தொடக்கூடாது என்பது மட்டும்தான் இருக்கும். தறிக்குழியின் விளிம்பு, பக்கத்து வீட்டோடு பொதுவாக நிற்கும் சுவர், கூடத்துத் தேக்குத் தூண், வாசல் நிலைக்கு மேலே இருக்கும் செதுக்கு வேலைப் பலகை, முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பு. மேஸ்திரி கைக்குக் கடப்பாரை வருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் அவர் கண்ணில் பட்டாக வேண்டும். காஞ்சிபுரத்தில் வீடு பழுது பார்க்கும் வேலைகளுக்குப் பட்டியல் எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். செய்ய வேண்டியதை எழுதாமல் விட்டால் அதைப் பிறகு பேசிச் செய்துகொள்ளலாம். செய்யக் கூடாததை எழுதாமல் விட்டால், ஒரு காலை வேளையில் அது உடைந்து கிடக்கும். அதற்குப் பிறகு பேச எதுவும் இருக்காது.

இந்த ஊர்ப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடு அகலத்தில் குறைவு, நீளத்தில் அதிகம். தெருவில் திண்ணை, உள்ளே நடை, அடுத்து தறி ஓடும் கூடம், முற்றம், அடுப்படி, புழக்கடை. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கும். செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ கட்டியிருப்பார்கள். மேலே நாட்டு ஓடு அல்லது மங்களூர் ஓடு. கொஞ்சம் வசதியானவர்கள் ஒரு பகுதிக்கு மட்டும் தேக்குக் கட்டை போட்டு மெட்ராஸ் டெரஸ் போட்டிருப்பார்கள். முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்று காட்சிக்கு இருக்கிறது. 1996-இல் திறந்த இடம். இடிபட இருந்த வீடுகள் பலவற்றை வாங்கி, பிரித்து, பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே எழுப்பினார்கள். இளம் பொறியாளர்களை நான் முதலில் அங்கே அனுப்பிவைப்பதுண்டு. பெயர்த்து எழுப்பிய வீடுகளைப் பார்த்தால்தான் எந்தப் பாகம் எதன்மேல் நிற்கிறது என்பது புரியும். அது புரியாமல் எழுதும் பட்டியல் சந்தையில் விலை கேட்கத்தான் உதவும்.

மேஸ்திரி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்ததும் வருகிற முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான். “சதுர அடிக்கு இவ்ளோ குடுங்க சார், மொத்தத்தையும் முடிச்சிக் குடுத்துடறேன்.” புது வீட்டுக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். அஸ்திவாரம் முதல் பெயிண்ட் வரை எல்லாம் புதிது, எல்லாம் அளவுக்குள் இருக்கிறது. பழைய வீட்டில் செலவு சதுர அடியில் இல்லை. அது பூச்சுக்குப் பின்னால், ஓட்டுக்கு அடியில், சுவருக்குள் செருகிய கட்டை முனையில் ஒளிந்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மொத்த விலை சொல்லும் மேஸ்திரி, ஒன்று தன் தலையில் நஷ்டத்தை ஏற்றிக்கொள்கிறார், அல்லது பாதி வழியில் அதை வீட்டுக்காரர் தலையில் இறக்குகிறார். இரண்டும் நல்லதில்லை. வேலை நடுவில் நின்றுபோன வீட்டில், கூரை பிரித்தபடி ஒரு மழைக்காலத்தைக் கழித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பட்டியல் எழுதக் கற்றுக்கொடுத்தவர் பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர். மெட்ராஸ் டீடெய்ல்டு ஸ்டாண்டர்டு ஸ்பெசிபிகேஷன் என்ற தடித்த புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருந்த தலைமுறை. “ஒவ்வொரு வரியிலயும் அஞ்சு பதில் இருக்கணும்ப்பா. எங்க, என்ன, எதால, எவ்வளவு, யார் செலவு. அஞ்சுல ஒண்ணு விட்டாலும் அந்த வரியில சண்டை வரும்” என்பார். இன்றுவரை அந்த அளவுகோலில்தான் என் வரிகளைச் சரிபார்க்கிறேன்.

“கூடத்துச் சுவர் பூச்சு வேலை” என்று எழுதினால் அது ஒரு வரியே அல்ல. நான் எழுதுவது இப்படி இருக்கும்: “கூடம், மேற்குச் சுவர். தரையிலிருந்து 4 அடி உயரம் வரை உப்பு அரித்த பழைய பூச்சை உளி வைத்துக் கையால் கொத்தி எடுப்பது. பிரேக்கர் மெஷின் கூடாது. செங்கல் இடுக்குகளை முக்கால் அங்குல ஆழம் சுரண்டி, தென்னந் துடைப்பத்தால் தூசு தட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பு 1, சலித்த மணல் 3 என்ற கலவையில் இரண்டு கோட்டாகப் பூசுவது. சுண்ணாம்பு நீற்றி 15 நாளாவது ஊறியிருக்க வேண்டும். சிமெண்ட் ஒரு கரண்டியும் சேர்க்கக் கூடாது. நீளம் 18 அடி, மொத்தம் 72 சதுர அடி. சாமான், கூலி, சாரம், இடிபாடு அகற்றுதல் எல்லாம் காண்ட்ராக்டர் செலவு. 4 அடிக்கு மேலே இருக்கும் பழைய பூச்சைத் தொடக்கூடாது.”

இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். இந்தச் சுவருக்கு அடியில் ஈரம் ஏறுவதைத் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். 4 அடியில் நின்ற உப்பு, சில வருஷத்தில் 6 அடிக்குப் போகும். சிமெண்ட் பூச்சு கல் மாதிரி கெட்டியாக நிற்கும், அதற்குப் பின்னால் செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். தட்டிப் பார்த்தால் கொட்டாங்கச்சி சத்தம் வரும். அதனால்தான் வீட்டைப் பார்க்கப் போகும்போது என் பையில் டேப், டார்ச், சாக்பீஸ் ஆகியவற்றோடு ஒரு சின்ன மரச் சுத்தியல் எப்போதும் இருக்கும். சுவர் முழுக்கத் தட்டி, பொக்கையான இடத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டை அளந்து எழுதுவேன். வீட்டுக்காரரும் மேஸ்திரியும் அதே கோட்டைப் பார்க்கலாம். கோடு போட்டு அளந்த இடத்தில் விலை பற்றிப் பேரம் நடக்கும், அளவு பற்றித் தகராறு நடக்காது.

பின்னால் வருகிறவர் பூசுவது முன்னால் செய்தவரின் வேலையை எப்படி மறைக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கைலாசநாதர் கோயிலுக்குப் போகலாம். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லில் கட்டியது. பிற்காலத்தில் சிதைவை மூடப் பூசிய சுதை, பல சிற்பங்களின் முகத்தையே மூடிவிட்டது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்ததல்ல. கோயிலாக இருந்தாலும் குடியிருக்கும் வீடாக இருந்தாலும், எதுவரை பூசுவது, எங்கே நிறுத்துவது என்று சொல்லும் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ் இதைவிடச் சிக்கலானது. சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள். அவற்றின்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, கோணலாகச் சுண்ணாம்பில் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட்டைப் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரப்பலகையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு இதற்கென்றே ஐ.எஸ். 2119 என்ற விதிநூலை வைத்திருக்கிறது. 1980-இல் வந்த அதன் பதிப்பின் தலைப்பிலேயே மெட்ராஸ் டெரஸ் என்ற பெயர் இருக்கிறது. நம் ஊர் கொத்தனார்களும் சித்தாள்களும் கையால் வளர்த்த முறை நாட்டின் விதிநூலுக்குள் போயிருக்கிறது என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

இந்த டெரஸ் ஒழுகினால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றே. பழையதன் மேலேயே இன்னும் 2 அங்குலம் கலவை போட்டு ஓடு பதித்துவிடுகிறார்கள். 200 சதுர அடி அறைக்கு அந்த 2 அங்குலம் ஏறத்தாழ 2 டன் எடை. அந்த 2 டன்னைத் தாங்கப்போவது சுவருக்குள் செருகியிருக்கும் கட்டை முனைகள். வெளியே தெரியும் கட்டை நன்றாக இருக்கும், சுவருக்குள் இருக்கும் அரை அடி உளுத்திருக்கும். ஆகவே என் பட்டியலில் டெரஸ் வேலை எப்போதும் இரண்டு கட்டமாக இருக்கும். முதல் கட்டம் பார்ப்பதற்கு மட்டும்: ஒவ்வொரு கட்டையின் இரு முனையிலும் பூச்சைத் திறந்து, கூரான ஆணியால் குத்திப் பார்த்து, எந்தக் கட்டை எந்த நிலையில் என்று எண் போட்டுக் குறிப்பது. அதற்கு ஒரு கூலி. இரண்டாம் கட்டம் மாற்றுவது. அதற்கு மொத்த விலை கேட்க மாட்டேன். தேக்கு ஒரு கன அடிக்கு என்ன விலை, ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து மாற்ற என்ன கூலி என்று மட்டும் முன்கூட்டியே வாங்கிவைப்பேன். எத்தனை கட்டை என்பதைத் திறந்து பார்த்த பிறகு மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்வோம். தெரியாததைத் தெரியாது என்றே எழுதி, அதற்கு விலையை மட்டும் கட்டிவைத்தால், மேஸ்திரிக்கும் பயம் இல்லை, வீட்டுக்காரருக்கும் பயம் இல்லை.

மரம் என்றதும் இன்னொரு தகராறு. பிரித்த பழைய மரம் யாருக்கு? காஞ்சிபுரத்தில் பழைய தேக்கு நிலை, கதவு, தூண், உத்திரம் ஆகியவற்றுக்கு நல்ல விலை உண்டு. சில இடங்களில் ஒப்பந்தக்காரர் குறைந்த விலை சொல்வதற்குக் காரணமே அந்த மரம்தான். பேச்சில் வராத லாபம் அதற்குள் இருக்கிறது. ஒரு வீட்டில், நான் பட்டியல் எழுதுவதற்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்த ஒருவர், “குப்பைய எடுத்துட்டுப் போறேன்” என்று சொல்லி இரண்டு தேக்குத் தூணை வண்டியில் ஏற்றிவிட்டார். வாசலில் நின்ற வீட்டம்மா தடுத்ததால் தூண்கள் தப்பின. அவர் சொன்னது: “எங்க மாமனார் சாஞ்சி உக்காந்த தூணுய்யா அது, குப்பையா?” அந்த வீட்டிலிருந்து நான் போடும் நிபந்தனை இது. பிரிக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண், நீளம், அகலம் எழுதி, புழக்கடையில் தார்ப்பாய் மூடி அடுக்க வேண்டும். எதுவும் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. மங்களூர் ஓட்டுக்கும் அதே நிபந்தனைதான். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அதற்குப் பிறகு கடற்கரை நெடுக வந்த சூளைகளின் முத்திரை பதிந்த பழைய ஓடுகள் இன்றும் நம் கூரைகளில் கிடக்கின்றன. அவற்றில் பல, இப்போது கடையில் கிடைப்பதைவிட நன்றாக வெந்தவை. பிரித்து மேயும்போது எத்தனை ஓடு இறங்கியது, எத்தனை மறுபடி ஏறியது என்ற கணக்கு எழுத்தில் இருந்தால் நல்ல ஓடு வீட்டிலேயே தங்கும்.

நெசவு வீட்டுக்கு மட்டும் உரிய விஷயங்களை எந்த ஊர்ப் புத்தகத்திலும் தேடிப் பிடிக்க முடியாது. தறிக்குழியில் நெசவாளர் கால் தொங்க உட்கார்ந்து மிதிபலகையை மிதிக்கிறார். உட்காரும் இடம், குழியின் ஆழம், தறியின் உயரம் மூன்றும் அவர் உடம்புக்கு அளவெடுத்தவை. வீட்டுக்குப் புதுத் தரை போடும்போது, இருக்கிற தரைமேலேயே கலவையும் டைலும் சேர்த்து 3 அங்குலம் ஏற்றுவது வழக்கம். தறி அறையில் அந்த 3 அங்குலம் நெசவாளரின் முதுகுக்கும் முழங்காலுக்கும் வரும் வலி. அதனால் பட்டியலில் தறி அறைத் தரையைத்தான் பூஜ்ய மட்டமாக வைப்பேன். டியூப் லெவல் பிடித்து நாலு சுவரிலும் நீலக் கோடு போட்டு, மற்ற அறைகளின் மட்டம் எல்லாம் அதிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று எழுதுவேன். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்காரும் மரச்சட்டம் எந்தச் சுவரையும் எந்த உத்திரத்தையும் தாங்கலாகக் கொண்டிருக்கிறது என்பதையும் எழுதியாக வேண்டும். அந்தச் சுவரை இடித்து அகலமாகக் கதவு வைக்கலாம் என்று ஆலோசனை சொல்பவர்களுக்குத் தறி தெரியாது.

தூசு அடுத்தது. தறியில் பாவு ஏறியிருக்கும்போது பக்கத்து அறையில் கட்டிங் மெஷின் ஓடினால் பட்டும் ஜரிகையும் என்ன ஆகும்? ஒரு பாவில் மூன்று சேலை என்றால் ஒரு மாதத்துக்கு மேல் அது தறியில் இருக்கும். நடுவில் இறக்க முடியாது. எனவே வேலை தொடங்கும் தேதியை நான் காலண்டரில் தேடுவதில்லை, தறியில் தேடுகிறேன். “இந்தப் பாவு எப்ப முடியும் ஐயா?” என்பதுதான் வீட்டுக்காரரிடம் என் முதல் கேள்வி. பாவு அறுத்து எடுத்த அன்று தறி அறை வேலை தொடங்கும், அடுத்த பாவு பிணைக்கும் நாளுக்குள் அந்த அறையை முடித்துக் கொடுக்க வேண்டும். மற்ற அறைகளில் டைல் வெட்டுவது புழக்கடையில் மட்டும், தண்ணீர் விட்டு மட்டும்.

தெருவுக்கும் ஒரு வரி உண்டு. விடியற்காலையில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவது இன்னும் சில தெருக்களில் நடக்கிறது. அதற்குத் தெருவின் நீளம் வேண்டும். ஒரு லோடு மணலும் ஒரு லோடு ஜல்லியும் வாசலில் கொட்டினால் அன்றைக்கு அந்தத் தெருவில் நாலு குடும்பத்தின் பாவு வேலை நிற்கும். “மணல், ஜல்லி மூட்டையில் மட்டும் வர வேண்டும், நேராகப் புழக்கடைக்குப் போக வேண்டும், காலை 9 மணிக்கு முன்னால் தெருவில் வண்டி நிற்கக் கூடாது” என்று எழுதுகிறேன். மூட்டையில் கொண்டுவர இரண்டு ஆள் கூலி அதிகம். அந்தக் கூலியையும் தனி வரியாகப் போட்டுவிடுவேன், யாரும் மறைமுகமாக ஏற்க வேண்டாம்.

இந்த ஊரில் சாமிக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். வைகாசியில் வரதராஜப் பெருமாள் பிரம்மோற்சவம், பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம். கருட சேவை அன்று காந்தி ரோட்டிலும் ராஜ வீதிகளிலும் சாரத்துக்கு இடமில்லை. எந்தத் தேதிக்குள் சாரம் இறங்க வேண்டும், இறக்கி மறுபடி கட்டும் கூலி யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் வைபவம் நடந்த 48 நாளும் ஊருக்குள் சாமான் வண்டி நுழைவதே பெரும்பாடு. 40 ஆண்டுக்கு ஒரு முறை வருவது அது, தேதி எல்லோருக்கும் முன்பே தெரியும். அப்படி இருந்தும், நடந்துகொண்டிருந்த பல வேலைகளின் ஒப்பந்தத்தில் அந்த நாட்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று மாதக்கணக்கில் பேசினார்கள்.

வைகுண்டப் பெருமாள் கோயில், கைலாசநாதர் கோயில் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோயில்களுக்கு அருகில் குடியிருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்த வீட்டைப் பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம், ஆனால் அனுமதி வேண்டும். அதற்கு அடுத்த 200 மீட்டரிலும் அனுமதி வாங்கித்தான் வேலை. அந்த விண்ணப்பத்துக்கு எது பழுது பார்ப்பது, எது புதிதாகக் கட்டுவது என்று தெளிவாகப் பிரித்துக் காட்டும் காகிதம் தேவை. நன்றாக எழுதிய வேலைப் பட்டியல் அங்கே பாதி வேலையை முடித்துவிடும். “வீடு ரிப்பேர்” என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தவர்கள் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தெரு மட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோடு போடப் போட உயர்ந்து, திண்ணை ரோட்டுக்குச் சமமாகிவிட்ட தெருக்கள் இங்கே நிறைய. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று, வெ. இறையன்பு தலைமைச் செயலாளராக இருந்த 2021-இல் உத்தரவு வந்தது. அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு தெருக்காரர்கள் கேட்க வேண்டும். நான் வீட்டுக்குள் செய்ய முடிந்தது, முற்றத்துத் தூம்பு எந்த மட்டத்தில் தெருக் கால்வாயில் சேர்கிறது என்று அளந்து எழுதுவது. பல வீடுகளில் புதிதாக டைல் போட்டவர்கள் தூம்பை அடைத்துவிட்டு முற்றத்துக்கு மேல் ஷீட் போட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குள் வெளிச்சமும் போகிறது, காற்றும் போகிறது. நெசவாளருக்கு வெளிச்சம் அலங்காரம் இல்லை. இழை பார்க்க அதுதான் வேண்டும்.

அளவு எடுப்பதில்தான் வேலை முடிந்தபின் சண்டை. பூச்சு அளக்கும்போது ஜன்னல், கதவு திறப்பைக் கழிப்பதா கூடாதா? மேஸ்திரி கழிக்கக் கூடாது என்பார், வீட்டுக்காரர் கழி என்பார். இதற்கு ஐ.எஸ். 1200 தெளிவான வழி சொல்கிறது. அரை சதுர மீட்டர் வரையான திறப்புக்குக் கழிவில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிவு, ஓரப் பூச்சுக்குத் தனியாகக் கூலி கிடையாது. 3 சதுர மீட்டருக்கு மேல் இரு பக்கமும் கழிவு, ஓரப் பூச்சுக்குத் தனி அளவு. நியாயமான வழி இது. ஓரம் பூசுவதற்குக் கொத்தனார் படும் பாடு தெரிந்தவர்கள் எழுதியது. இதை அப்படியே தமிழில் பட்டியலின் கடைசியில் சேர்த்துவிடுகிறேன். அது இருக்கும்போது கடைசி நாளில் டேப்பைப் பிடித்து இழுக்கும் காட்சி இருக்காது.

கூடுதல் வேலைக்கு ஒரு டூப்ளிகேட் புக். வீட்டுக்காரர் மாடிப்படி ஏறும்போது, “இதையும் ஒரு கை பாத்துடுங்க மேஸ்திரி” என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு கைக்கு நாலு ஆள் கூலி. பத்து முறை இப்படிச் சொன்னால் மேஸ்திரி முகம் கறுக்கும், பதினோராவது முறை வேலை நிற்கும். எனவே என்ன வேலை, என்ன விலை என்று சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே கரண்டி எடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரரிடமிருந்து வீட்டுக்காரரைக் காப்பாற்றுவதற்காகத்தான் நான் எழுதுகிறேன் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், எழுத்து இல்லாத இடத்தில் அதிகம் ஏமாந்தவர்கள் சின்ன மேஸ்திரிகள். பேசிய வேலைக்கு மேலே செய்துவிட்டு, பாக்கிக்காக வாசலில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

பட்டியல் தமிழில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. டெல்லியில் தயாரான ஆங்கிலப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதைப் படிக்கப் போவது யார்? செங்கல்லை எடுத்து வைக்கும் கொத்தனாருக்குப் புரியாத காகிதம் நீதிமன்றத்தில் உதவலாம், சுவருக்கு உதவாது. அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன் திண்ணையில் எல்லோரையும் உட்காரவைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசிப்பேன். ஒருமுறை அப்படி வாசித்தபோது, மேற்குச் சுவர் வரி வந்ததும் வயதான கொத்தனார் ஒருவர் கையைத் தூக்கினார். “சார், 15 நாள் ஊறினது பத்தாது. ஒரு மாசம் ஊறட்டும். வெய்ய காலம், சீக்கிரம் பூசினா வெடிக்கும்.” வரியை அங்கேயே திருத்தினோம். அந்த வீட்டுக்காரர் நெசவாளர். புட்டா எத்தனை இழையில் எழும்புகிறது என்று வரைபடத் தாளில் கட்டம் கட்டமாகக் குறித்து வைத்து நெய்பவர். பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “கிராப் மாதிரியே இருக்கு சார். இது இல்லாம எப்படி வேலை செய்வாங்க?” என்றார்.

பாலிடெக்னிக்குகளில் எஸ்டிமேட்டிங் பாடம் இருக்கிறது. புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் மண்ணைக் கணக்குப் போடுவதில் அது தொடங்குகிறது. பிள்ளையார்பாளையத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் இனி வரப்போகும் வேலையில் பெரும்பகுதி இருக்கும் வீடுகளைக் காப்பாற்றும் வேலை. பழைய வீட்டுக்குத் தமிழில் வேலைப் பட்டியல் எழுதுவதை அந்தப் பாடத்தில் ஓர் அலகாகவாவது சேர்க்க வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீடு புதுப்பிக்கப் போகிறவர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. மேஸ்திரியைக் கூப்பிடும் முன், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எதையெல்லாம் யாரும் தொடக்கூடாது என்று எழுதுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களையும் கேட்டு எழுதுங்கள். அந்தப் பக்கம் நிரம்பிய பிறகு விலை பேசுங்கள்.